சர்க்கரை டப்பா மூடி அளவு

என் வீட்டுக்காரரின் காரில் டர்போ இருக்கிறது. அதாவது, எஞ்சின் விடும் புகையின் வேகத்தில் சுழன்று அதே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் ஒரு குட்டி விசிறி. இதெல்லாம் எனக்குத் தெரிந்திருப்பதே என் இல்லற வாழ்க்கை எந்த லட்சணத்தில் போகிறது என்பதற்குச் சாட்சி. காற்று எவ்வளவு தள்ளப்படுகிறது என்று காட்ட பூஸ்ட் மீட்டர் ஒன்று வேண்டும். அந்தக் காற்றோடு பெட்ரோல் சரியான அளவில் கலக்கிறதா என்று காட்ட இன்னொன்று வேண்டும். காரைச் செய்தவன் இரண்டையும் வைக்காமல் விட்டுவிட்டானாம். அந்த அநியாயத்தைச் சரிசெய்யும் பொறுப்பு இவர் தலையில் வந்து விழுந்தது.

என்னைக் கட்டிக்கொள்ள இவர் இவ்வளவு யோசிக்கவில்லை. முள் வைத்ததா, எண் ஓடுவதா? வெள்ளை வெளிச்சமா, சிவப்பா? எஞ்சினிலிருந்து ரப்பர் குழாயை உள்ளே இழுப்பதா, சென்சார் வைத்து வயரை மட்டும் கொண்டுவருவதா? சாப்பிடும்போதும் அதே பேச்சு, பல் தேய்க்கும்போதும் அதே பேச்சு.

"பெட்ரோல் கம்மியாச்சுன்னா லீன், ஜாஸ்தியாச்சுன்னா ரிச்" என்றார், வாய் நிறைய நுரையோடு.

"நம்ம வீட்ல ஏதாவது ஒண்ணு ரிச்சா இருந்தா சரிதான்" என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை.

கடைசியில் வந்து சிக்கிக்கொண்டது சைஸில். கடையில் சின்னதும் இருந்தது, பெரியதும் இருந்தது. இவர் சமையலறைக்குள் புகுந்து காபித்தூள் டப்பா மூடியையும் சர்க்கரை டப்பா மூடியையும் கழற்றிக்கொண்டு போனார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அவற்றை டேப் போட்டு ஒட்டினார். சீட்டில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு என்னையும் உட்கார வைத்தார்.

"காபித்தூளே போதுங்க. சர்க்கரை பின்னாடி இருக்கறதையெல்லாம் மறைக்குது."

"மறைச்சா மறைக்கட்டும். அதெல்லாம் எல்லார் வண்டியிலயும் இருக்கறதுதானே? இது டக்குனு கண்ணுல படணும்."

சர்க்கரை ஜெயித்தது. மெக்கானிக் புகைக்குழாயில் துளை போட்டு சென்சாரைப் பொருத்தி, இரண்டு பெரிய மீட்டர்களையும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பக்கம் பக்கமாக நிறுத்திக் கொடுத்தார். என் மூடி திரும்பி வரவில்லை. சர்க்கரைக்கு எறும்பு வந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு எத்தனையோ இடங்களுக்கு எழுதிப்போட்டேன். ஒரே ஓர் ஆஸ்பத்திரிதான் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. இத்தனை வருஷம் வீட்டில் இருந்தவளை இன்னொரு தடவை யாரும் கூப்பிடப்போவதில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். நான் கெட்டிக்காரி என்று எனக்கே தோன்றிய ஒரே இடம் அதுதான். நேர்காணலுக்கு முதல் நாள் ராத்திரி தூக்கமே இல்லை.

பஸ்ஸில் போகிறேன் என்றுதான் சொன்னேன்.

"பஸ்ல போய்க் கசங்கி நிக்கப்போறியா? நான் கொண்டுபோய் விடறேன்."

கொண்டுபோனார். ஊரைத் தாண்டி ரோடு காலியானதும் ஆக்சிலரேட்டரை அழுத்தினார். பூஸ்ட் முள் எகிறியது.

"பாரு, பாரு, ஒரு பார் பிரஷர்!"

"பாத்தேன்."

கொஞ்ச தூரத்தில் கார் வெட்டி வெட்டி இழுத்தது. இரண்டாவது மீட்டரில் எண் பதினாறு, பதினெட்டு என்று ஏறியது. "ஐயையோ, லீனாகுதே!" என்று அலறினார். கார் ஓரமாக உருண்டுபோய் நின்றது. இறங்கி பானட்டைத் திறந்தவர், மெக்கானிக்குக்குப் போன் போட்டு இன்ஜெக்டர் அடைப்பா, பம்ப் போய்விட்டதா என்று விசாரணை நடத்த ஆரம்பித்தார்.

"ஏங்க, பெட்ரோல் இருக்கா?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "இத்தனை மீட்டர் வெச்சிருக்கேன், பெட்ரோல் இல்லாமலா ஓட்டுவேன்?"

நான் அவருடைய சீட்டில் போய் உட்கார்ந்தேன். கழுத்தை ஒடித்து, சர்க்கரை மூடி சைஸ் மீட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். கம்பெனி வைத்த பெட்ரோல் முள் அடியில் படுத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று, எப்போதிலிருந்தோ, யாருக்கும் தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது.

"இங்க வந்து பாருங்க."

பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"பாத்தியா! மீட்டர் கரெக்டா சொல்லியிருக்கு. காத்து இருக்கு, பெட்ரோல் இல்லன்னு!"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. நல்லவேளையாக, நான் ஏறியிருக்க வேண்டிய அதே பஸ் பின்னாலேயே வந்தது. ரோட்டின் குறுக்கே நின்று கையை ஆட்டினேன். டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்தினார். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். இவர் மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நல்லபடியாகச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட வலித்தது.

வியர்த்துக் கசங்கித்தான் போய் நின்றேன். எனக்கு முன்னால் கூப்பிட இன்னும் ஓர் ஆள் பாக்கி இருந்தது. என் முறை வந்ததும், நேர்காணல் நடத்திய டாக்டரம்மா கேட்டார்: "மானிட்டர்ல கோடு நேராப் போகுது. முதல்ல எதைப் பாப்பீங்க?"

"நோயாளியை. பேசறாரா, மூச்சு இருக்கா, நாடி இருக்கான்னு. அதுக்கப்புறம் வயர் கழண்டிருக்கான்னு."

"நிறையப் பேர் மானிட்டரையே பாத்துட்டு நிப்பாங்கம்மா."

"தெரியும் மேடம். அப்படி ஒருத்தரைத்தான் வழியில விட்டுட்டு வந்தேன்."

அது யார் என்று அவர் கேட்க, நான் சொல்ல, அறையே சிரித்தது. திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார்கள்.

படியில் இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. முதலில் இவரிடம்தான் சொல்லத் தோன்றியது. வாசலிலேயே நின்று போன் போட்டேன்.

"ஏங்க, கிடைச்சிருச்சு!"

"கிடைச்சிருச்சா? அப்பாடா!" என்றார். "எத்தனை லிட்டர்?"