இரண்டு மணிக்கு மூடும் சமையலறை

“அன்னிக்கு பானையில பாதி சூப் இருந்துச்சா இல்லையா, க்ளெனிஸ்? அதை மட்டும் சொல்லு—”

“அவ வந்தப்ப மணி ரெண்டு பத்து.”

“நான் மணியைக் கேக்கல. சூப்பைக் கேக்குறேன்.”

“நான் மணியைச் சொல்றேன். போர்டு எழுதினது யாரு? நானா?”

“போர்டு எழுதினது ஊர்க்காரங்களுக்கு. பேப்பர்ல எழுதுறவளுக்கா எழுதினேன்?”

“அப்படின்னு அதுல ஒரு வரி சேத்திருக்கணும், ப்ரான். நான் வாசிக்கத் தெரிஞ்சவ. எழுதியிருக்கிறதைத்தான் வாசிப்பேன்.”

அது ஒரு சனிக்கிழமை காலை, கடை திறக்க இன்னும் அரை மணி இருந்தது. நான் பரிமாறும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம், சமையலறையில், கழுவும் தொட்டியில் கையை விட்டபடி நின்றிருந்தேன். கேக் சுடுவதும் பாத்திரம் கழுவுவதும் அந்தக் கடையில் என் வேலை. அக்காளும் தங்கையும் போடும் சண்டை அந்த ஜன்னல் வழியாக இரண்டு பக்கமும் போய் வரும். நடுவில் நான் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

மேசையில் நேற்றைய நாளிதழ் விரிந்து கிடந்தது. எங்கள் கிப்ஸ்லாந்து வட்டாரம் முழுக்க வண்டியை நிறுத்திச் சாப்பிடத் தகுந்த கடைகள் என்று வருஷத்துக்கு ஒரு முறை வரும் பட்டியல். இருபத்திரண்டு கடைகள். பக்கத்து ஊரான கூலங்கில், பழைய வெண்ணெய்த் தொழிற்சாலைக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடத்துகிறார்களே, அது ஏழாவது. எங்கள் கடை எண்ணிக்கையில் இல்லை. ஆனால் கூலங்கைப் பற்றி எழுதிய பத்தியில் எங்களுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள்.

“டாராபூலில் ஒரு கதவைத் தள்ளினோம். கொட்டும் மழை. ஒரு கிண்ணம் சூப் கேட்டோம். கிச்சன் மூடியாச்சு என்றார்கள். கூலங்குக்கு வண்டியை விட்டோம். நல்லதாகப் போயிற்று.”

ப்ரான்வின் அதை மூன்று முறை சத்தமாக வாசித்துவிட்டாள்.

அடுத்த மார்ச்சில் பைபாஸ் திறக்கிறது. அதற்குப் பிறகு மெல்போர்னிலிருந்து கடற்கரைக்குப் போகிற ஒரு வண்டிக்கும் எங்கள் டாராபூல் வழியாகப் போகத் தேவையில்லை. யாராவது வந்தால் வேண்டுமென்றே திரும்பி வந்தவர்களாகத்தான் இருக்கும். அப்படித் திரும்ப வைக்க அந்தப் பட்டியலை விட்டால் வேறு வழியில்லை என்று ஒரு வருஷமாக ப்ரான்வின் சொல்லிக்கொண்டிருந்தாள். விவாகரத்துக்குப் பிறகு நகரத்தில் இருந்த வீட்டை விற்று, அக்காளின் கடையில் போட்டுவிட்டு வந்தவள். வாசலில் இன்னும் ‘க்ளெனிஸ் வீட்டுச் சமையல்’ என்றுதான் பலகை.

வந்த முதல் மாதமே அவள் கரும்பலகையில் எழுதி மாட்டினாள்: ‘சமையலறை இரண்டு மணிக்கு மூடப்படும். ராணியே வந்தாலும்.’ நகரத்தில் நல்ல கடைகளெல்லாம் அப்படித்தானாம். ஆனால் இது பால்மாட்டு ஊர். காலைக் கறவை முடிந்து, வேலி பார்த்து, கன்றுக்கு ஊட்டி, மூன்று மணிக் கறவைக்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட எங்கள் பண்ணைக்காரர்கள் வருகிற நேரமே இரண்டு, இரண்டே கால்தான். அதை க்ளெனிஸ் சொன்னாள். “ரெண்டு மாசத்துல பழகிக்குவாங்க” என்றாள் ப்ரான்வின். பழகிக்கொண்டார்கள். பேக்கரியில் இறைச்சி அடைத்த ‘பை’ வாங்கி வண்டியிலேயே சாப்பிட.

“அவ நோட்டுப் புத்தகம் வெச்சிருந்தா. நீ பாத்தியா இல்லையா?” என்றாள் ப்ரான்வின்.

“பாத்தேன். ஷூவும் நனைஞ்சிருந்துச்சு. அதையும் பாத்தேன்.”

“பாத்துட்டுமா அனுப்பிச்ச?”

“‘கிச்சன் மூடியாச்சு கண்ணு’ன்னு நல்லவிதமாத்தான் சொன்னேன். மெர்வுக்கு நீ சொன்னதை விட நல்லவிதமா.”

நான் குழாயை மூடினேன்.

மெர்வ் ஹாலினன் ஆற்றங்கரைப் பண்ணைக்காரன். ஜூன் மாதம் அவன் மனைவி டல்சியைப் புதைத்த அன்று, சர்ச் ஹாலில் பெண்கள் வைத்த சாண்ட்விச்சைத் தொடாமல், கறுப்புக் கோட்டோடு நேராக எங்கள் கடைக்கு வந்தான். மணி இரண்டே கால். “க்ளெனிஸ் சூப் இருக்கா?” என்றான். “ஸாரி மெர்வ், ரெண்டுன்னா ரெண்டு. காபி வேணா போட்டுத் தரேன்” என்றாள் ப்ரான்வின். அவன் கரும்பலகையை முழுக்க வாசித்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் எங்கள் படி ஏறவில்லை.

“அந்தக் கதையை இன்னும் எத்தனை நாள் சொல்லப்போற?” ப்ரான்வினின் குரல் இறங்கியிருந்தது. “நான் சொன்னது தப்புன்னே வெச்சுக்கோ. கரண்டி யார் கையில இருந்துச்சு?”

அன்று கரண்டி க்ளெனிஸின் கையில்தான் இருந்தது. அதை அவள் சத்தமில்லாமல் பானை மூடி மேல் வைத்ததை நான் பார்த்தேன். மறுநாளிலிருந்து அவளுக்கு இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான். சரியாக இரண்டுக்கு அடுப்பை அணைப்பாள். இரண்டு மணி ஒரு நிமிஷத்துக்குக் கதவைத் தட்டினால் சொந்தத் தங்கைக்கே ஒரு துண்டு ரொட்டி கிடைக்காது.

“நான் நேத்தே பேப்பர் ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன்” என்றாள் ப்ரான்வின்.

“எதுக்கு?”

“அதை எழுதின இமோஜன்கிட்டயே பேசினேன். நல்ல பொண்ணு. வர்ற வியாழக்கிழமை இந்தப் பக்கம் வராளாம். நல்லா இருந்தா இணையத்துல இருக்கிற பட்டியல்ல சேத்துடுறேன்னா.”

“சரி, வரட்டும். பூசணி சூப் வைக்கிறேன்.”

“சூப் வை. ஆனா நீ இருக்கக் கூடாது.”

“என்னது?”

“அன்னிக்கு இருந்தது ஒரு தற்காலிக ஆளு, அவளை வேலையை விட்டு நிறுத்திட்டோம்னு சொல்லிட்டேன்.”

க்ளெனிஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் விரும்பவில்லை.

“பத்தொன்பது வருஷமா தற்காலிகமா இருந்திருக்கேன் போல.”

“வேற என்ன சொல்லச் சொல்ற? எங்க அக்கா வீம்புக்கு அனுப்பிச்சான்னா? மார்ச் மாசத்துக்கப்புறம் இந்த ரோட்டுல நாய் கூட வராது. எனக்குப் போக வேற இடம் கெடையாது, க்ளெனிஸ். உனக்கு வீடு இருக்கு. எனக்கு இந்தக் கடை மாடியில ஒரு ரூமு. ஒரே ஒரு நாள் மதியம். அவ்வளவுதான் கேக்குறேன்.”

க்ளெனிஸ் என் பக்கம் திரும்பினாள். “ஊனா, உனக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“நேத்து சாயங்காலம் சொன்னா” என்றேன். எனக்கும் அந்தக் கடையை விட்டால் பேச ஆள் இல்லை. அதைச் சொல்லவில்லை.

“நல்லா இருங்க ரெண்டு பேரும்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே வந்து பூசணியை வாட்டி, இஞ்சி தட்டிப் போட்டு, பெரிய பானை நிறைய வைத்தாள். பதினொரு மணிக்கு ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். “மேல கிரீம் ஊத்தாத. கேட்டா மட்டும் குடு” என்று என்னிடம் சொன்னாள். தங்கையிடம் ஒன்றும் சொல்லாமல் பின்வாசல் வழியாகப் போனாள்.

இமோஜன் பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். பைபாஸ் வேலைக்காக வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விட்டதில், கதவு மணி அடித்தபோது இரண்டு ஐந்து. ப்ரான்வின் அதற்குள் கரும்பலகையைக் கழற்றிக் குளிர்பெட்டிக்குப் பின்னால் சொருகியிருந்தாள்.

“கிச்சன் மூடியிருக்குமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்” என்றாள் அந்தப் பெண்.

“உங்களுக்கு எப்பவும் தெறந்திருக்கும். உக்காருங்க, ஜன்னல் பக்கம் உக்காருங்க.”

அவள் கெட்டவள் இல்லை. பசியோடு சாப்பிட்டாள். ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்தாள். “இந்த சூப்பை யார் வெச்சாங்க?” என்று கேட்டாள்.

“நாங்கதான்” என்றாள் ப்ரான்வின்.

“வெளியில பலகையில க்ளெனிஸ்னு இருக்கே. அது நீங்களா?”

“அது பழைய முதலாளி. கடையை எங்களுக்கு வித்துட்டுப் போயிட்டாங்க. பலகையைத்தான் இன்னும் மாத்தல.”

நான் பூசணித் தோலைக் கொட்டப் பின்கதவைத் திறந்தேன். க்ளெனிஸ் படியில் நின்றிருந்தாள். பரிமாறும் ஜன்னலும் திறந்திருந்தது, கதவும் திறந்துவிட்டது. கேட்காமல் இருக்க வழியே இல்லை.

“என் கண்ணாடியை மறந்துட்டேன்” என்றாள்.

அலமாரி மேலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. “சூப் நல்லா இருக்குன்னா” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கும்.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். “இன்னும் எவ்வளவு இருக்கு?”

“நாலஞ்சு கிண்ணம் வரும்.”

பக்கத்துச் சந்து வழியாகத் தெருவுக்குப் போனாள். எதிரே மாட்டுத் தீவனக் கடை வாசலில் மெர்வ் தன் வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது முன் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. க்ளெனிஸ் தெருவைக் கடந்து அவனிடம் பேசினாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். ப்ரான்வினும் பார்த்துவிட்டாள். காபி இயந்திரத்தின் பிடியில் இருந்த அவள் கை அப்படியே நின்றது.

கதவு மணி அடித்தது. மெர்வ் க்ளெனிஸோடு உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சுவரில் கரும்பலகை இருந்த ஆணியைப் பார்த்தான்.

“ரெண்டு மணியை எங்க மாத்தி வெச்சீங்க?” என்றான்.

இமோஜன் க்ளெனிஸைப் பார்த்தாள். முதலில் புன்னகை வந்தது, பிறகு புருவம் சுருங்கியது. அன்று மழையில் பார்த்த முகம் அவளுக்கு நினைவுக்கு வந்துவிட்டது. ப்ரான்வின் பக்கம் திரும்பினாள். பேனாவைத் தொடவில்லை.

“க்ளெனிஸ்,” என்றாள் ப்ரான்வின் மெதுவாக, “தயவு பண்ணு.”

க்ளெனிஸ் நடு மேசையில் ஒரு நாற்காலியை இழுத்து மெர்வை உட்காரவைத்தாள். எதிர் நாற்காலியில் தான் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பரிமாறும் ஜன்னலருகே நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் இரண்டே கால்.

“மெர்வுக்கு ஒரு கிண்ணம் சூப் வேணும்” என்றாள் க்ளெனிஸ். “கிச்சன் தெறந்திருக்கா, மூடியாச்சா, ப்ரான்?”