எறும்பு புகக் கூடாது

அமலதாஸின் குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, பிரேமலா உயிரைப் பற்றிக் கேட்கவில்லை. "அப்ப எங்க மக இவர எப்படி அடையாளம் கண்டுபிடிப்பா?" என்றுதான் கேட்டாள். டாக்டருக்கு அது விளங்கவில்லை. விளங்க நியாயமும் இல்லை.

அபிகெயிலுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. பதினேழு வயது, கோலாலம்பூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கு அப்பா என்றால் முகமா, மீசையா? ஒரு மண்ணும் கிடையாது. அப்பா என்றால் அந்தக் கரகரத்த, கொஞ்சம் மூக்கால் வரும் சத்தம்தான். தம்போய் ஊர் லாரி பட்டறையில் நாள் முழுக்கக் கத்திக் கத்தி வேலை வாங்கிய சத்தம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிளின் முதல் வாசகம் வாசிக்கும்போது மட்டும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டது போல் அடங்கி வரும். சாயங்காலமானால் விடுதிக்கு போன் போட்டு, "அம்மாடி, சாப்பிட்டியா?" என்று கேட்கும். அந்தச் சத்தம் போய்விட்டால், அவளைப் பொறுத்தவரை மனிதரே போன மாதிரிதான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் ஷாமளாதான் வழி சொன்னாள். "ஆபரேஷனுக்கு முன்னாடி அவர் பேசுறத நிறையப் பதிவு பண்ணி வெச்சிருங்க ஆன்ட்டி. எழுதுற திரையோட வர்ற லேப்டாப்பா வாங்குங்க. அப்புறமா அந்தப் பதிவ வெச்சு நாங்க அவர் குரலச் செஞ்சி உள்ள போட்டுத் தருவோம். அவர் திரையில எழுதுனா போதும், அவர் குரல்லயே அது பேசும்." வாட்சாப்பில் கிடந்த பழைய குரல் துண்டுகள் போதாதா என்று பிரேமலா கேட்டாள். தேடிப் பார்த்தால் 'கேட்டத் தொற', 'ஜாம், வர லேட்டாகும்' என்பதற்கு மேல் எதுவும் தேறவில்லை. மகளோடு பேசியதெல்லாம் போனில். பேசியது பேசிய இடத்திலேயே கரைந்துவிட்டது.

வாங்கினார்கள். திரையைப் பின்பக்கமாக மடக்கினால் சிலேட்டுப் பலகை, பாதி மடக்கிக் கவிழ்த்தால் கூடாரம். சாப்பாட்டு மேசையில் வைத்து அமலதாஸ் அதைத் திருப்பத் திருப்ப, பிரேமலா இரண்டு கையையும் அடியில் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"அலமாக், மெதுவா! ஒடச்சிரப் போறீங்க."

"ஒடையாதுலா. திருப்புறதுக்குன்னே செஞ்சிருக்கான்."

அது மொழி கேட்டது, பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது. கிரீஸ் ஏறித் தடித்துப்போன விரலால் அவர் தொட்டால் ஒன்றுக்கு இரண்டு எழுத்து விழுந்தது. கூட வந்த பேனாவை எடுத்தபிறகுதான் வழிக்கு வந்தது. பிரேமலா அதன் மேல் சிலுவை அடையாளம் போட்டாள். அமலதாஸ் "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று சொல்லிப் பதிவு செய்து போட்டுப் பார்த்தார். கணீரென்று வந்தது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

"நம்ம சத்தத்த நாமளே ஒக்காந்து கேக்குறது, செத்தவன் தன் படத்துக்குத் தானே மாலை போடுற மாதிரி இருக்கு. நான் பேசிடறேன், கேக்கச் சொல்லாத."

அதற்குப் பிறகு அவர் எதையும் போட்டுக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அங்கேதான் விதி வந்து உட்கார்ந்தது.

பிரேமலாவின் வீட்டில் எந்தப் பொருளும் வெற்று உடம்போடு இருந்ததில்லை. டிவி ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். சோபா வாங்கிப் பல வருஷமாகியும் கடைக்காரன் போட்ட உறை கிழியவில்லை. உட்கார்ந்தால் தொடை ஒட்டும், எழுந்தால் சத்தம் போடும். கேலி செய்யாதீர்கள், நம் வீடுகளில் பாதி அப்படித்தான். போன வருஷம் அந்த நாசமாய்ப்போன சிற்றெறும்பு இன்டர்நெட் பெட்டிக்குள் புகுந்து முட்டையிட்டு, பெட்டியே செத்துப்போயிருந்தது. அதனால் அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போனதும், அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பை ஓரம் ஓரமாகப் பார்த்தாள். அடியில் சத்தம் வரும் சல்லடை இருந்தது. அதை விட்டுவிட்டாள், ரேடியோவில் பார்த்திருக்கிறாள், அதை அடைத்தால் சத்தம் வராது என்று அவளுக்குத் தெரியும். திரையின் மேல் விளிம்பில் ஊசி முனை அளவுக்கு இரண்டு மூன்று துளைகள் இருந்தன. எறும்பு புக அது போதாதா? ஒயர் சுற்றும் கறுப்பு டேப்பை அளவாக நறுக்கி, இரண்டு அடுக்காக ஒட்டி, நகத்தால் நன்றாக அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு விளிம்பில் கறுப்பு டேப். கண்ணுக்கே தெரியவில்லை. வேலை சுத்தம் என்று அவளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

சத்தம் எங்கே வெளியே வரும் என்று தெரிந்தவளுக்கு, எங்கே உள்ளே போகும் என்று தெரியவில்லை. பாவி மகள், யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மறுநாளிலிருந்து ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரை அமலதாஸ் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். ஷாமளா சொன்ன வாக்கியங்களை முதலில் முடித்தார். பிறகு சொந்தமாகப் பேச ஆரம்பித்தார். திரையில் கோடு லேசாக நெளிந்துகொண்டே இருக்கும்; அதைப் பார்த்து, பதிவாகிறது என்று நம்பினார். தொண்டை வலித்தால் வெந்நீர் குடிப்பார், மறுபடியும் உள்ளே போவார். ஒரு நாள் கண் சிவக்க வெளியே வந்தார்.

"அபி கல்யாணத்தன்னைக்குச் சொல்ல வேண்டியதப் பேசிட்டேன். அவ புள்ளைக்குப் பேர் வெக்கிறன்னைக்கும் பேசிட்டேன். நான் இருந்தாலும் இல்லாட்டியும் போட்டுக் காட்டு."

"வாயக் கழுவுங்க. நீங்களே உக்காந்து போட்டுக் காட்டுவீங்க."

அவர் பேசும் நேரமெல்லாம் பிரேமலா சமையலறையில் சிலை மாதிரி நின்றாள். மின்விசிறியை நிறுத்தினாள். குழாயைத் திறக்கவில்லை, பாத்திரம் தொடவில்லை, பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் கேட்டுக்கு ஓடிப்போய் விரட்டினாள். ஒரு சின்னச் சத்தமும் அவர் குரலோடு கலந்துவிடக் கூடாது. என்ன பேசுகிறார் என்று கதவில் காது வைத்துக்கூடக் கேட்டதில்லை. மூச்சு கேட்டுவிட்டால்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஓட்டை, ஓட்டையில் குழாய். புண் ஆறி, பள்ளி விடுமுறைக்கு அபி வீட்டுக்கு வந்த வாரத்தில், மூன்று பேரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஷாமளாவின் அறைக்குப் போனார்கள். அபி புதுச் சட்டை போட்டிருந்தாள். "அப்பா பேச்ச இன்னைக்குக் கேக்கலாம்லம்மா?" என்று கார் பார்க்கிலிருந்தே நச்சரித்தாள்.

ஷாமளா முதல் பதிவைப் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. அபி சிரித்தாள். கைதட்டினாள். அமலதாஸ் அவள் தலையைத் தடவினார்.

அடுத்ததைப் போட்டாள். தலையணையில் முகம் புதைத்து யாரோ எங்கேயோ முனகுவது போல் ஒரு இரைச்சல். அதற்கடுத்ததும் அதுதான். ஷாமளா சத்தத்தைக் கூட்டினாள், இரைச்சல்தான் கூடியது. ஏதேதோ செய்து பார்த்தாள். கடைசிப் பதிவு வரை போய்விட்டு, லேப்டாப்பைத் திருப்பி மேல் விளிம்பில் விரலை ஓட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. நகத்தால் சுரண்டி டேப்பை உரித்தாள்.

"இத யாரு ஒட்டுனது?" என்று மெதுவாகக் கேட்டாள். "இதுதான் ஆன்ட்டி மைக்கு."

பிரேமலாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளக்கூடக் கை எழவில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் அந்தத் துண்டு டேப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திட்டியிருப்பார். பட்டறையே அதிரத் திட்டுகிற மனிதர் அவர். அந்தத் திட்டு வந்திருந்தால் அவள் அதைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கியிருப்பாள். குழாயிலிருந்து வெறும் காற்று வந்தது.

"என்னம்மா? ஏன் யாருமே பேச மாட்டேங்கறீங்க?" என்றாள் அபி.

"நான்தாம்மா ஒட்டுனேன்," என்றாள் பிரேமலா. "எறும்பு போயிரும்னு ஒட்டுனேன். அப்பா பேசுனது ஒன்னுமே இல்ல. எல்லாம் போச்சு. நான்தான் கெடுத்துட்டேன்."

அமலதாஸ் அவள் கையை அழுத்திவிட்டு, லேப்டாப்பை இழுத்துச் சிலேட்டாக மடக்கினார். பேனாவால் ஏதோ எழுதி, ஷாமளா முன்பு காட்டிக் கொடுத்திருந்த பொத்தானைத் தொட்டார். சுத்தமான, அவசரமில்லாத, யாரோ ஒரு ஆம்பளைக் குரல் பேசியது.

"அம்மாடி. அம்மாவை ஒன்றும் சொல்லாதே."

அபியின் முகம் அப்படியே சுருங்கிப்போனது.

"இந்த ஆளு வேணாம்ப்பா," என்றாள். "இந்த ஆளுதான் எனக்கு போன்ல மெசேஜ் படிக்கிறவன். பாடம் படிக்கிறதும் இவன்தான், பஸ் வர்ற நேரம் சொல்றதும் இவன்தான். வேணாம்ப்பா."

அவர் மறுபடியும் எழுத ஆரம்பித்தார். கண்ணாடியில் பேனா தட்டும் சத்தம் கேட்டு, அபி துழாவி அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அவர் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சின்னக் கையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. அழுகைக்கும் சத்தமில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மகளுக்கு அப்பா அழுகிறார் என்று தெரியவில்லை.

அபி அம்மா இருந்த பக்கமாகத் திரும்பினாள்.

"சரி, போனா போவுதும்மா. நீ வீட்லதான இருந்த? அப்பா என்ன பேசுனாருன்னு நீ சொல்லு. அவரு மாதிரியே சொல்ல வேணாம், சும்மா சொல்லு. என் கல்யாணத்துக்கு என்ன சொன்னாரு?"

பிரேமலா வாயைத் திறந்தாள். ஏதாவது ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். அவர் எதிரிலேயே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள். "நான் கேக்கல."