எடுத்தால் காசு போகும்

சாமியம்மாளின் செல்போன் வீட்டில் இருக்காது. களத்துமேட்டுப் பலா மரத்தில், கைக்கு எட்டுகிற கிளையொன்றில், மஞ்சப்பைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். வெள்ளிமலை டவரின் சிக்னல் அந்த மரத்தடி வரைக்கும்தான் வரும். அதைத் தாண்டி வீட்டுக்குள் வர அதற்கு மனசு வந்ததில்லை. அதனால் போன் அடித்தால் முதலில் கேட்பது சாமியம்மாள் அல்ல. சாமை காயப்போடுகிறவர்கள், ஆடு ஓட்டிப் போகிறவர்கள் என்று யார் காதிலாவதுதான் அது விழும். கேட்டவர்கள் அதைத் தொட மாட்டார்கள். எத்தனை தடவை அடித்து ஓய்ந்தது என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு வந்து சொல்வார்கள்.

"சாமியம்மா, ஒம் பொண்ணு ரெண்டு அடிச்சி வுட்டுச்சி."

ரெண்டு அடித்தால் நல்லா இருக்கிறாள். ஒண்ணு என்றால் சாப்பிட்டாள். மூணு என்றால் ஊருக்கு வருகிறாள், பஸ் நிற்கிற இடத்துக்கு அப்பா வர வேண்டும். மகள் சிவரஞ்சனி கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் படித்தபோது ஏற்பட்ட ஏற்பாடு இது. போனை எடுத்தால் காசு போகும், எடுக்காவிட்டால் போகாது. அப்புறம் காலம் மாறி, ஒருமுறை பணம் கட்டினால் மாசம் முழுக்கப் பேசலாம் என்று ஆகி, ஊர் உலகமே காதில் போனோடு திரிந்தது. சாமியம்மாள் மட்டும் மசியவில்லை. போன் என்பது அடிப்பதற்கு, எடுப்பதற்கு அல்ல என்பது அவள் கட்சி. பிடிவாதத்துக்கு அவளை மிஞ்ச அந்த மலையில் ஆள் கிடையாது.

அந்த சிவரஞ்சனிதான் இப்போது ஜெர்மனியில் இருக்கிறாள். அரசாங்க உதவித்தொகை கிடைத்து, மண்ணைப் பற்றி மேல்படிப்பு படிக்கப் போயிருக்கிறாள். "இங்க இல்லாத மண்ணா அங்க கெடக்குது?" என்று அப்பா கருப்பண்ணன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தார். கேட்கிற குரலில் பெருமை பொங்கி வழிந்ததால் யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

போய் இறங்கியதும் கூடத் தங்கியிருக்கும் பெண்ணின் போனிலிருந்து ரெண்டு ரிங் வந்தது. ஊரே நிம்மதியாகத் தூங்கியது. அதற்கடுத்த வாரம் வெள்ளிமலையில் செல்போன் கடை வைத்திருக்கும் அமிர்தம் ஆள் விட்டனுப்பினாள். ரஞ்சனி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாளாம். சாமியம்மாள் மரவள்ளி வயலில் போட்டது போட்டபடி கிளம்பிப் போனாள்.

அமிர்தம் தன் போனை அழுத்தினாள். கடைக்குள் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, இங்க சிம் கார்டு வாங்கறதே பெரிய பரீட்சையா இருக்குதும்மா. ஒருத்தன் போனே சும்மா தரேன்றான். ஆனா ரெண்டு வருஷத்துக்கு வேற கம்பெனிக்கு மாறக்கூடாதுன்னு கையெழுத்து கேக்கறான். இன்னொண்ணு ரொம்ப கம்மி, நெட்ட அள்ளி அள்ளி குடுக்கறான். கூடப் படிக்கறவங்க எல்லாம் அதத்தான் எடுன்றாங்க. ஆனா அந்த நெட்டு நம்ம பலா மரத்துக்கு வராதே! மூணாவதா ஒண்ணு இருக்குது. நெட்டு கம்மி, காசு கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா இந்தியாவுக்கு மாசம் பூரா பேசலாம். எத எடுக்கட்டும்? நீ சொல்லும்மா."

சாமியம்மாள் யோசிக்கக்கூட இல்லை. "இருக்கறதுலயே கம்மியானத எடுக்கச் சொல்லு. ரிங்கு குடுக்கறதுக்கு எவனாச்சும் காசு கேப்பானா?"

"அக்கா, கொழந்த ஒங்கிட்ட பேசணும்னு ஆசப்படுதுக்கா."

"நாந்தான் எடுக்கவே போறதில்லயே. அப்பறம் இன்னாத்துக்கு பேசற கார்டு? ரெண்டு அடிச்சா நல்லாருக்கான்னு எனுக்குத் தெரிஞ்சிடும். இதுக்கு மேல இன்னா பேச்சு?"

வாய்தான் அப்படிச் சொன்னது. மகளின் குரலைக் கேட்கத் தாய் மனசு தவித்துக்கொண்டுதான் இருந்தது. "இன்னாவோ பரீட்சைன்னாளே, சரியா காதுல வுழல" என்று சாக்குச் சொல்லி, அதே மெசேஜைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாள். அமிர்தமும் புரிந்துகொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் போட்டுக்கொண்டே இருந்தாள்.

சாமியம்மாள் சொன்னதை ரஞ்சனிக்கு அனுப்பியதோடு, அமிர்தம் தன் மகளின் பிரசவத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டாள். சாமியம்மாள் போனில் ரீசார்ஜும் தீர்ந்தது. உள்ளே வரும், வெளியே போகாது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. வெளியே போய் என்ன ஆகப்போகிறது?

அந்தச் சமயத்தில்தான் பலா மரம் அடிக்க ஆரம்பித்தது.

செல்லியம்மாள்தான் முதலில் ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, ரிங் எண்ணுவதில் கெட்டிக்காரி. "சாமியம்மா, நிக்கவே மாட்டேங்குது! எண்ணி எண்ணி வாயே வலிச்சிப் போச்சி!"

சாமியம்மாள் களத்துக்கு ஓடினாள். திரையில் கூட்டல் குறி போட்ட புது நம்பர். ஓய்ந்தது, மறுபடி அடித்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். உடனே மறுபடி அடித்தது. மூணுக்கு மேல் அவர்கள் கணக்கில் எதுவுமே கிடையாதே! இத்தனை அடித்தால் என்ன அர்த்தம்?

களத்தில் பஞ்சாயத்து கூடிவிட்டது. மூணு என்றால் ஊருக்கு வருகிறாள், அப்படியானால் இத்தனைக்கு மாப்பிள்ளையோடு வருகிறாள் என்றார் ஒருவர். அவரை எல்லோரும் சேர்ந்து அதட்டினார்கள். உடம்புக்கு ஏதாவதா என்று செல்லியம்மாள் இழுத்தாள்.

"எடுத்து கேளேன்" என்றார் கருப்பண்ணன்.

"நல்லா சொன்ன போ! கண்ணு காணாத தேசத்துலருந்து வர்ற போனு. எடுத்தா புள்ள கையில இருக்கற காசெல்லாம் ஒரே நிமிஷத்துல போயிடும். அப்பறம் சோத்துக்கு இன்னா பண்ணுவா?"

மறுநாள் காலையிலேயே இருவரும் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினார்கள். அமிர்தத்தைக் கண்டுபிடித்தால் விஷயம் தெரிந்துவிடும். மஞ்சப்பை சாமியம்மாள் மடியில் இருந்தது. மலைப்பாதை வளைவுகளில் அது சத்தம் காட்டவில்லை. கீழே இறங்கி, கோமுகி அணையைத் தாண்டி, கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றதும் போன் அடிக்கப் பிடித்துக்கொண்டது. கரும்பு வெட்டப் போகிறவர்களால் பஸ் நிரம்பியிருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எம்மா, போன எடும்மா" என்றார் கண்டக்டர்.

"எடுக்கக் கூடாதுங்க."

"ஏன், கடங்காரனா?"

"எம் பொண்ணுங்க. ஜெர்மனில படிக்கிறா."

பஸ்ஸே சிரித்தது. "பொண்ணு போன் பண்ணா எடுக்காம இன்னாம்மா பண்ற? எடுத்தா ஒனுக்கு காசு போவாது" என்றாள் முன்சீட்டுக்காரி.

"எனுக்கு போவாது. அவளுக்கு?"

சாமியம்மாள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அது மறுபடி அடித்தது. இவள் மறுபடி அழுத்தினாள். கள்ளக்குறிச்சி வரும்வரை தாயும் மகளும் இப்படியே மல்லுக்கட்டிக்கொண்டு வந்தார்கள். கருப்பண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இந்த அம்மாள் யாரோ எவரோ என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

அமிர்தம் மகளின் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான். ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பிளாஸ்கோடு அவளே நின்றுகொண்டிருந்தாள். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று முகமெல்லாம் சிரிப்பு. சாமியம்மாளைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா! நான் கெளம்பின அன்னிக்கே ரஞ்சனி ஒரு மெசேஜ் அனுப்பிச்சி. பிரசவ அவசரத்துல சுத்தமா மறந்துட்டேன்." பிளாஸ்கை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனை அழுத்தினாள்.

"அம்மா, திட்டாத. நீ சொன்னத நான் எடுக்கல. மூணாவதத்தான் எடுத்தேன். நெட்டு எனுக்கு காலேஜ்லயே சும்மா கெடைக்குது, அது போதும். இனிமே ரிங்கு எண்ணாத, போன எடு. நீ எடுத்தாலும் எடுக்காட்டியும் மாசம் நான் கட்டறது அதே காசுதான். சொல்லப்போனா, நீ எடுக்கலன்னாதாம்மா அந்தக் காசு வீணு."

சாமியம்மாளுக்குப் பகீர் என்றது.

"அடிப்பாவி மவளே! அப்ப நேத்திலருந்து நான் கட் பண்ணதெல்லாம் வீணா?"

"வீணுதான்" என்றார் கருப்பண்ணன், நிதானமாக டீயை உறிஞ்சிக்கொண்டே. "பஸ்ல வர்றப்ப மட்டும் ஒரு கட்டு காசு வீணாக்கன."

இத்தனை வருஷமாக ஒரு மணி சாமையைக்கூடச் சிந்தவிடாதவள் அவள். அப்படிப்பட்டவள் கையாலேயே மகளின் காசு வீணாகியிருக்கிறது! மஞ்சப்பையிலிருந்து போனை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அடி, அடி என்று அதைப் பார்த்தாள். அது இப்போது வாயே திறக்கவில்லை. அலுத்துப்போய் விட்டுவிட்டாளோ? கோபித்துக்கொண்டாளோ? சாமியம்மாளின் கண் கலங்குவதைப் பார்த்த அமிர்தம், 'அம்மா பக்கத்துலதான் இருக்காங்க, இப்ப அடி' என்று ரஞ்சனிக்குச் செய்தி தட்டிவிட்டாள்.

போன் அடித்தது. முதல் ரிங் முடிவதற்குள் சாமியம்மாள் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டாள். இரண்டு கையாலும் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஜெர்மனிக்கே கேட்கட்டும் என்று கத்தினாள்.

"ரஞ்சனீ! சாப்ட்டியா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் ஓவென்ற அழுகை.

"இன்னாடி? இன்னா ஆச்சி? ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன். ஒங் கொரலக் கேட்டதும் வந்துடுச்சி."

"அன்னிக்கு ரெண்டு அடிச்சியேடி, நல்லாருக்கேன்னு?"

"அன்னிக்கும் அழுதுட்டுத்தாம்மா அடிச்சேன். ஹாஸ்டல்ல இருந்தப்பகூட அப்பப்ப அழுதுட்டுத்தான் ரெண்டு குடுப்பேன். அழுவறதுக்கு நம்மகிட்ட ரிங்கு இல்லியே."

சாமியம்மாள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு ரிங்கைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிய ராத்திரிகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. குரல் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்குமே. ஆனாலும் காதுக்குள் மகளின் மூச்சுக்காற்று கேட்பது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"எவ்ளோ நேரம் பேசினாலும் காசு போவாது இல்ல?"

"போவாதும்மா."

"நெசமாத்தான?"

"நெசமாத்தான்."

"அப்ப அழுவு. நல்லா அழுவுடி கண்ணு. நான் இங்கியேதான் குந்திக்கினு இருக்கேன்."

ரஞ்சனி அழுதாள், நடுவிலேயே சிரித்தாள், மறுபடி கொஞ்சம் அழுதாள். அங்கே விற்கிற அரிசியின் லட்சணத்தைச் சொன்னாள். சாமியம்மாள் அமிர்தத்துக்குப் பேத்தி பிறந்ததையும், களத்தில் கூடிய பஞ்சாயத்தையும், மாப்பிள்ளையோடு வருவதாகச் சொன்னவர் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் ஒன்று விடாமல் சொன்னாள். ரஞ்சனி சிரித்த சிரிப்பு போனைத் தாண்டி டீக்கடை முழுக்கக் கேட்டது.

வெள்ளிமலை பஸ் ஹாரன் அடித்தது. கருப்பண்ணன் ஓடிவந்து தோளைத் தொட்டார். "ஏ, கெளம்பு, பஸ்ஸ எடுக்கறான்."

சாமியம்மாள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரை முறைத்தாள்.

"போனா போவட்டும் போ. எம் பொண்ணு இன்னும் பேசி முடிக்கல."