பதில் வந்தால் புரட்ட வேண்டாம்

மயங்கிக் கிடக்கிற ஆளாக நடிப்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். கண்ணைத் திறக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. எட்டாம் வகுப்புப் பையன் முழங்காலால் விலாவில் இடித்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. இதற்கென்று பள்ளியில் ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. போன வருடம் அதன் கழுத்து கழன்றுவிட்டது. விளையாட்டு ஆசிரியர் என்ற முறையில் புதிது வாங்கித் தரும்படி கேட்டேன். "அதான் நீங்க இருக்கீங்களே" என்றார் தலைமை ஆசிரியர். அன்றிலிருந்து முதலுதவிச் செய்முறைத் தேர்வென்றால் மெத்தையை விரித்து நானே படுத்துவிடுகிறேன்.

இந்த வருடம் எட்டாம் வகுப்பில் என் மகள் இருந்தாள். அது வகுப்பில் யாருக்கும் தெரியாது. அவள் அம்மாவும் நானும் பிரிந்து சில வருடங்கள் ஆகின்றன. யார் மேல் தப்பு என்ற பஞ்சாயத்து இங்கே வேண்டாம். பிரிந்த பிறகு மகள் என்னை எந்த முறை சொல்லியும் அழைப்பதில்லை. போனில் பேசினால்கூட "ம்", "சொல்லுங்க", "வச்சிடட்டுமா" என்பதோடு சரி. இந்தப் பள்ளியில் சேர்ந்த அன்று மைதானத்தின் ஓரமாக வந்து நின்றாள்.

"இங்க உங்களை சார்னுதான் கூப்பிடுவேன். நீங்களும் எங்கிட்ட எல்லார்கிட்டயும் மாதிரி இருக்கணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? பெயருக்கு முன்னால் இனிஷியலாக அவள் அம்மாவின் எழுத்துதான் இருந்தது. அதனால் யாரும் மோப்பம் பிடிக்கவில்லை.

பெயர் வாசித்தால் "உள்ளேன் சார்." ஓடி முடித்து மூச்சு வாங்க, "தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா சார்." கயிற்றில் தொங்கிக் கை எரிந்தால், "போதும் சார்." வருடம் முழுக்க அந்த சாரை விழுங்கிக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவுக்கு வங்கி வேலை. விடுமுறை முடிந்ததும் வேறு ஊருக்கு மாற்றல் என்று செய்தி வந்தது. மகளும் போய்விடுவாள். அதற்கு முன் ஒரே ஒரு தடவை அவள் வாயால் அப்பா என்று கேட்டுவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தேர்வுக்கு முந்தைய வகுப்பில் எல்லாவற்றையும் ஒரு முறை திருப்பிச் சொல்லிக்கொடுத்தேன்.

"யாராவது விழுந்து கிடந்தா, முதல்ல சுத்தி ஆபத்து இருக்கான்னு பாக்கணும். அப்புறம் ரெண்டு தோளையும் தட்டி, கூப்பிட்டு, கேக்குதான்னு கேக்கணும். பதில் வரலன்னா வாய்கிட்ட காதை வச்சு மூச்சு பாக்கணும். மூச்சு இருந்தா, ஒரு கையை அவங்க கன்னத்துக்கு முட்டுக் குடுத்து, முழங்காலை மடக்கி, உங்க பக்கமா ஒருக்களிச்சுப் புரட்டணும்."

"பதில் வந்துட்டா சார்?" என்றான் ரேடியோ. வாய் ஓயாதவன். வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் அது.

"வந்துட்டா புரட்ட வேண்டாம். ஆள் இருக்கிறபடியே விட்டுட்டு, பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுக்கணும். உதவி வர்ற வரைக்கும் நகரக் கூடாது."

பிறகு, புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தேன். "தெரிஞ்ச ஆளா இருந்தா, நீங்க எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்க. பழகின குரல்தான் முதல்ல காதுல ஏறும்."

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். வகுப்பில் எவர் முகத்தையும் பார்க்கவில்லை.

"அப்ப உங்களை விசில்னு கூப்பிடலாமா சார்?"

"அதுதான் எனக்கு வச்சிருக்கற பேரா?"

"நான் வைக்கல சார். கழிப்பறைச் சுவத்துல எழுதியிருந்தது."

"சுவத்துல இருக்கற கையெழுத்து உன் நோட்டுலயும் இருக்குடா."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டாள்.

தேர்வு நாள் காலை, ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் வழிமறித்தார். வருடம் முழுக்க என் பீரியடில் பாதி அவர் வயிற்றுக்குள்தான் போயிருந்தது.

"சார், உங்க பீரியடைக் குடுங்க. வட்டத்தோட பரப்பளவு பாக்கி கிடக்கு."

"இன்னிக்கு முடியாது டீச்சர். தேர்வு."

"படுத்துக்கிட்டே நடத்தற தேர்வு உங்களோடதுதான்."

"நின்னுக்கிட்டே தூங்க வைக்கற வகுப்பு உங்களோடது."

"நீங்க முடியாதுன்னு சொல்லி இப்பத்தான் கேக்கறேன். இன்னிக்கு மழைதான் போங்க" என்று சுண்ணக்கட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

விளையாட்டுப் பொருட்கள் வைக்கும் அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில் மெத்தையைப் போட்டேன். உள்ளேயிருந்து காற்றிறங்கிய பந்துகளின் ரப்பர் வாடை வந்தது. பையன்கள் ஒவ்வொருவராக என்னைப் புரட்டினார்கள். ஒருவன் தோளைத் தட்டுவதாக நினைத்து அறைந்தான். இன்னொருவன் கிச்சுகிச்சு மூட்டிவிட்டு, மூச்சு இருக்கிறது என்று அறிவித்தான். ரேடியோ என் காதுக்குள் "விசில், விசில், கேக்குதா?" என்று ஆசை தீரக் கத்தி, இடுப்பில் முழங்காலை ஊன்றிப் புரட்டினான். உயிரோடிருப்பவனைச் சாகடிக்கிற முறை என்று அவனிடம் பிறகு சொன்னேன்.

பெண்கள் ஜோடி ஜோடியாக, தங்களுக்குள் செய்துகாட்டினார்கள். கடைசியாக அவள் மட்டும் நின்றாள். அவள் ஜோடி காய்ச்சலென்று வரவில்லை.

"உனக்கு ஆள் இல்லையே. யார் மேல செய்யற?"

யோசித்தாள். "சார் மேலயே செய்யறேன்."

படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பக்கத்துல ஆபத்து இல்ல" என்றாள். மெத்தை ஒரு பக்கம் அமுங்கியது. இரண்டு தோளிலும் கை விழுந்தது. வலுவான கை. தினமும் கயிறு ஏறவைத்தவன் நான்தான்.

"சார். சார், கேக்குதா?"

நான் அசையவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். பரவாயில்லை, அடுத்தது மூச்சு பார்ப்பாள். அவள் காது என் வாயருகே வரும். பிறகு என் கையை எடுத்து என் கன்னத்தில் வைப்பாள். பிறகு தன் பக்கமாகப் புரட்டுவாள். அதுவே போதும். என் நெஞ்சின் மேல் படுத்தால்தான் தூங்குவேன் என்று அடம் பிடித்த பிள்ளை தன் கையால் என்னை ஒரு முறை திருப்பிப் படுக்கவைத்தால் போதும்.

கைகள் தோளை விட்டு எழவில்லை. சற்றுத் தள்ளி ரேடியோ யாரோடோ பந்துக்காக மல்லுக்கு நின்றிருந்தான். அவள் குனிந்தது தெரிந்தது. தூங்குகிற ஆளை எழுப்புவதுபோலச் சின்னக் குரல்.

"அப்பா. கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றேன்.

வாய்விட்டே சொல்லிவிட்டேன். தாழ்வாரம் முழுக்கச் சிரிப்பு.

"சார், நீங்க மயக்கத்துல இருக்கீங்க."

"சார் அவுட்டு."

"தூங்கிட்டாருடா. வீட்டு நெனப்புல உளர்றாரு."

அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. நான் சொன்னது மட்டும் விழுந்திருந்தது. கண்ணைத் திறந்தேன். அவள் முகம் இறுகியிருந்தது. கைகளை எடுத்துக்கொண்டாள்.

"பதில் வந்துடுச்சு. புரட்ட வேண்டாம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய் வரிசையில் நின்றாள்.

"இது போங்கு. மறுபடி படுங்க சார், முழுசா செய்யட்டும்" என்றான் ரேடியோ. அவனை முதன்முறையாக எனக்குப் பிடித்தது. தலையைக்கூட மெத்தையில் வைத்துவிட்டேன்.

"வேண்டாம் சார்" என்றாள். "ஆள் முழிச்சிட்டாரு."

பையன்கள் அத்தனை பேரும் என்னைப் புரட்டியாயிற்று, அவள் மட்டும் புரட்டவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன் கேட்டுக்கொண்டு கிடந்திருக்க வேண்டியதுதானே. இல்லை, கூப்பிட்டதும் எழுந்துவிட்டேன்.

பள்ளி விட்ட பிறகு மெத்தையைச் சுருட்டி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வந்தாள்.

"எனக்கு எவ்வளவு சார்?"

"ஒண்ணு குறைச்சிருக்கேன்."

"எதுக்கு? வரிசையாத்தானே செஞ்சேன்."

"பதில் வந்தா என்ன செய்யணும்?"

"பேச்சுக் குடுக்கணும்" என்று முணுமுணுத்தாள். பையை இறக்கினாள்.

"படுக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். இருக்கிறபடியேதான் விடணும்." மெத்தைச் சுருளில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மைதானத்தைப் பார்த்துக்கொண்டே தொடங்கினாள். "என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"எங்க வலிக்குது?"

"இடுப்புல. ரேடியோ முழங்காலை ஊனிட்டான்."

சிரித்தாள். "வேற எங்க?"

"வேற இல்ல."

நம்பாதவள்போலத் திரும்பிப் பார்த்தாள். "தண்ணி வேணுமா?"

"விழுந்தவங்களுக்கு உடனே தண்ணி குடுக்கக் கூடாது."

"தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

"அங்க போனதும் போன் பண்ணுவியா?"

"கேள்வி நான்தான் கேக்கணும்." செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினாள். அப்புறம் மெதுவாக, "யாருக்காவது தகவல் சொல்லணுமா?"

யாருக்குச் சொல்வது? இல்லையென்று தலையை ஆட்டினேன். இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பதுதான் பாடம். அதற்கு நான் மார்க் குறைக்கவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. அவள் அம்மா. மகள் வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உதவி வந்துடுச்சு. நான் போகலாம்ல?"

"போகலாம்."

"அந்த ஒரு மார்க்?"

"போட்டுடறேன்."

"தேங்க்ஸ் சார்" என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓட்டம் சரியாக இருந்தது. முன்னங்கால் ஊன்றி, கை வீசி, நான் சொல்லிக்கொடுத்தபடி. ஸ்கூட்டர் திரும்பும்போது கையைத் தூக்கினாளா, முடியை ஒதுக்கினாளா என்று தூரத்தில் தெரியவில்லை.

விழுந்த ஆள் தானாக எழுந்து நடக்கக் கூடாது என்றும் பாடத்தில் இருக்கிறது. வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து, "என்ன சார், பூட்டட்டுமா?" என்று கேட்கும்வரை அங்கேயே இருந்தேன்.