இடப்பக்க நாற்காலி

என் மனைவிக்குப் புத்தகம், பாட்டு, புதிதாக வந்த ஏதாவது ஒரு எந்திரம், இந்த மூன்றும் இருந்தால் போதும். நான் நாலாவது. அதுவும் ஒயரைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்படும்போதுதான்.

வீட்டின் முன்னறையில் பாட்டு வகுப்பு நடத்துகிறாள். நடுவில் கீபோர்டு, இடப்பக்கம் ஜன்னல், சுவர் முழுக்கப் புத்தகம், மேஜைமேல் கணினி. பாடுகிறவர்களின் குரலைப் பதிவு செய்து, சுருதி எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஒரு மென்பொருளை வாங்கி வைத்திருக்கிறாள். சரியாகப் பாடினால் பச்சைக் கோடு, விலகினால் சிவப்பு. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. இவளுக்கு வருகிறவர் போகிறவரிடம் பெருமையடித்துக்கொள்ள ஒரு விஷயம். எனக்குக் கண்ணாடிக் கடை. "இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா" என்று கேட்டே தொண்டை வறண்டு போகிறவன் நான். எங்கள் வீட்டில் காது அவள் இலாகா, கண் என் இலாகா.

போன மாதம் ஒரு ஹெட்போன் வாங்கினாள். சமைக்கிற நேரத்தில்கூடப் புத்தகத்தை விட மனசில்லை, யாராவது வாசித்துப் பதிவு செய்ததைக் கேட்கலாம் என்று. மாட்டிய கொஞ்ச நேரத்தில் கழற்றி வைத்துவிட்டாள்.

"இடப்பக்கம் சரியில்லங்க. சுருதி இறங்கிக் கேக்குது. கதை படிக்கிறவர் ஒருத்தர்தான், ஆனா ரெண்டு பேர் சேந்து படிக்கிற மாதிரி இருக்கு."

கடைக்காரர் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்தார். அதிலும் இடப்பக்கம் சரியில்லை. மறுபடி போனாள். இந்தத் தடவை கடைக்காரர் தானே மாட்டிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானேம்மா இருக்கு" என்றாராம். வீட்டுக்கு வந்து தையத்தக்கா என்று குதித்தாள். "அதெல்லாம் ஒரு காதா? நான் கம்பெனிக்கே எழுதறேன் பாருங்க" என்று கணினி முன் உட்கார்ந்துவிட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. மங்கலாகத் தெரிகிறது என்று கடைக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு கண்ணை மூடச் சொல்வேன், பிறகு அடுத்ததை. அந்தப் பழக்கத்தில் சொன்னேன்.

"எதுக்கும் திருப்பி மாட்டிப் பாரேன். இடத்தை வலத்துல."

"திருப்பி மாட்டினா கோளாறு வலப்பக்கம் வரும். இதுகூடவா தெரியாது?" என்று அலுத்துக்கொண்டே மாட்டினாள்.

கோளாறு வலப்பக்கம் வரவில்லை. இடப்பக்கமே இருந்தது. கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பிறகு எழுந்து போய்க் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு ஒரு காதைப் பொத்தினாள், விட்டாள், மறு காதைப் பொத்தினாள்.

"என் காதுங்க" என்றாள்.

காது டாக்டரும் அதையே சொன்னார். சிலருக்கு இப்படி ஆகுமாம். இடக்காது எல்லாச் சுரத்தையும் கொஞ்சம் கீழே இறக்கிக் கேட்கிறதாம். மெல்ல மெல்ல வந்ததால் தெரியவில்லையாம், மூன்று நாலு வருடமாகவே இருந்திருக்கலாமாம். "வலது காது பிரமாதமா இருக்கு, கவலைப்படாதீங்க" என்று அனுப்பி வைத்தார். வழியில் நானும் எனக்குத் தெரிந்த சமாதானத்தைச் சொன்னேன். ஒரு கண்ணை வைத்துக்கொண்டே ஊசியில் நூல் கோக்கிறவர்கள் எத்தனை பேர் என்று என் இலாகாவிலிருந்து உதாரணம் எடுத்து விட்டேன். அவள் காதில் எதுவும் விழவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது பஸ் அக்காவின் நாற்காலி.

பஸ் அக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். நகரப் பேருந்து ஓட்டுகிற பெண். பிள்ளைகள் எல்லாரும் கீபோர்டுக்கு எதிரே தரையில் உட்காருவார்கள். நாளெல்லாம் கிளட்சை மிதித்து மிதித்து இவருக்கு முழங்கால் மடங்காது. அதனால் ஜன்னலோரம் நாற்காலி, என் மனைவியின் இடக்காதுக்கு நேராக. இரண்டு வருடம் விடுமுறை நாள் ஒன்றைக்கூட வீணாக்காமல் வந்தார். அவருக்கு இருந்தது ஒரே ஆசை, நகரப் பாடகர் குழுவில் சேர வேண்டும். வருடத்துக்கு ஒருமுறைதான் தேர்வு. நாற்பத்தைந்து வயதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். போன வருடம்தான் அவருக்குக் கடைசி.

ஒவ்வொரு வகுப்பிலும் என் மனைவி அவரை நிறுத்துவாள். முதலில் பல்வலி வந்தவள்போல முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு, "இறங்குதும்மா, சுருதி இறங்குது" என்பாள். கணினியில் பச்சைக் கோடு நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது, நானே பார்த்திருக்கிறேன். "பச்சை காட்டுதே டீச்சர்" என்று ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மெஷினுக்கு என்ன தெரியும்? என் காது சொல்லுது" என்றாள். ஊரில் இருக்கிற எல்லா எந்திரத்தையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எந்திரத்தை நம்பவில்லை. தேர்வு நெருங்கியபோது, "அங்க போய் அவமானப்பட வேண்டாம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள். பஸ் அக்கா தேர்வுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு வகுப்புக்கும் வரவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் அக்காவின் பழைய பதிவுகளை ஒன்றுவிடாமல் போட்டு, இடக்காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. அவள் முகம் தெரியும்.

"ஒரு இடத்துலகூட இறங்கலங்க" என்று அழுதாள். "பாவி நான், ஒரு இடத்துலகூட இறங்கல."

மறுநாள் பஸ் அக்கா ஓட்டும் வண்டியில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனோம். எல்லாரும் இறங்கிய பிறகு, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். காது, நாற்காலி, பச்சைக் கோடு. "மன்னிச்சிடுங்கம்மா" என்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

பஸ் அக்கா சிரித்தார். "அட விடுங்க டீச்சர். இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" பிறகு ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அப்ப நான் சரியாத்தான் பாடிட்டிருந்தேனா?"

"சரியாத்தான் பாடினீங்க."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

"இப்பல்லாம் வீட்லகூட பாடறதில்ல டீச்சர். குளிக்கிறப்ப தானா வாய்ல வரும். உடனே நிறுத்திடுவேன். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு."

"இப்ப பாடுங்கம்மா. ஒரே ஒரு வரி. நான் ஒழுங்கா கேக்கறேன்."

பஸ் அக்கா இன்ஜினை அணைத்தார். எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, என் மனைவியின் முகத்தையே பார்த்தபடி ஆரம்பித்தார். அந்தக் குரலுக்கு நான்கூட நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்று, வலக்காதை அவர் பக்கம் கொண்டுவர என் மனைவி முகத்தைத் திருப்பினாள்.

பாட்டு நின்றுவிட்டது.

"ஐயோ, காதுக்காகத் திரும்பினேன்மா. இதுதான் நல்ல காது. நீங்க பாடுங்க."

"தெரியுது டீச்சர். இப்பத்தானே சொன்னீங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. "நீங்க முகத்தைத் திருப்பினா நிறுத்தணும்னு பழகிப்போச்சு."

வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். பஸ் அக்கா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். "உக்காருங்க டீச்சர், வண்டிய எடுக்கணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் என் மனைவி அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, வலக்காதை முன்னால் நீட்டிக்கொண்டே வந்தாள். முணுமுணுப்பாகவாவது ஏதாவது வரும் என்று. எங்கள் நிறுத்தம் வந்தது. இறங்கலாம் என்று அவள் தோளைத் தொட்டேன்.

"இன்னும் ஒரு சுத்து போவோங்க" என்றாள்.

நான் எழுந்துபோய் மறுபடியும் டிக்கெட் எடுத்தேன்.