வயிறு முட்டத் தின்ற சேவல்

வியட்நாமில் டே சோன் பக்கத்தில் சேவல் முறை என்ற சண்டைக் கலையைக் கற்றுத்தரும் வாத்தியார் நான். அந்தக் காலத்தில் கலகம் செய்து நாட்டையே பிடித்த எங்கள் டே சோன் சகோதரர்களில் ஒருவர்தான் இந்த முறையை உண்டாக்கினார் என்பார்கள். சேவல் சண்டை ஒன்றில் சின்னச் சேவல் பெரியதன் வயிற்றுக்கடியில் புகுந்து புகுந்து விலகி, கடைசியில் அதைச் சாய்த்ததைப் பார்த்தாராம். பலத்தோடு மோதாதே, நழுவு, அவன் களைத்ததும் கொத்து. எங்கள் தத்துவம் அவ்வளவுதான்.

வாயால் சொன்னால் யார் நம்புகிறார்கள்? அதனால் ஒவ்வொரு புத்தாண்டு விழாவிலும் கூட்டத்துக்கு நடுவே இரண்டு சேவல்களை மோதவிட்டுக் காட்டுவேன். கால் முள்ளைத் துணியால் சுற்றிவிடுவேன். எப்போதும் சின்னதுதான் ஜெயிக்கும். ஜெயிக்காமல் என்ன செய்யும்? பெரியதுக்குத்தான் காலையிலேயே ஊறவைத்த நெல்லைத் தொண்டை வரை திணித்துத் தண்ணீரும் புகட்டியிருப்பேனே! இது எனக்கும் என் மனைவி சாமுக்கும் மட்டும் தெரியும். அவள் இதை ஏமாற்று என்பாள். நான் விளக்கம் என்பேன்.

என்னிடம் கற்பவர்களில் லுவா ஒருத்தி. செங்கல் சூளையில் கல் சுமப்பவள். முப்பது வயதாகியும் ஆள் வளரவே இல்லை. நான் எது சொன்னாலும் அப்படியே நம்புவாள். இந்த வருஷ விழாவில் எடை பார்க்காமல் மோதவிடும் மேடைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். அவளுக்கு எதிராக வந்தவள் துறைமுகத்தில் மீன்கூடை தூக்கும் ஹவ். லுவாவைப் போல் இரண்டு பேரைச் சேர்த்தால் ஒரு ஹவ்.

சேவல் சண்டை முடிந்து, மாகாண அதிகாரிகள் என்னைச் சுற்றி நின்று பாராட்டிக்கொண்டிருந்தபோது லுவா வந்தாள்.

“வாத்தியாரே, ஹவ்வப் பாத்தா பயமா இருக்கு. நீங்க வேணாம்னா இப்பவே பேர வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா அந்தச் சின்னது ஜெயிச்சதக் கண்ணால பாத்தேனே. எறங்கட்டுமா?”

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் அதிகாரிகள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்றால், அப்போது உன் சேவல் காட்டியது என்ன என்று கேட்க மாட்டார்களா?

“சேவல நெனச்சுக்க. போ,” என்றேன். அதிகாரி ஒருவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். வெட்கம் கெட்ட எனக்கு அது இனிக்கவும் செய்தது.

லுவா அழகாகத்தான் நழுவினாள். நான் கற்றுத்தந்த காலடி ஒவ்வொன்றும் அச்சாக விழுந்தது. ஆனால் ஹவ் களைக்கவே இல்லை. அவளுக்கு யார் நெல் திணித்தார்கள்? மூச்சு வாங்கியது லுவாவுக்குத்தான். ஹவ் ஒரே ஒரு முறை பிடித்தாள், தூக்கி அடித்தாள். லுவாவின் காறை எலும்பு முறிந்த சத்தம் நான் நின்ற இடம்வரை கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் சாம் மீன் கஞ்சி காய்ச்சி, லுவா மூஞ்சியைப் பார்த்து நீயே கொடு என்று என்னைத் துரத்தினாள். ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் லுவா கட்டோடு எழுந்து உட்காரப் பார்த்தாள். இன்னும் சில மாதங்களுக்கு அவளால் கல் சுமக்க முடியாது. அதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

“மன்னிச்சிருங்க வாத்தியாரே. அத்தன பேரு முன்னால உங்க பேரக் கெடுத்துட்டேன். எங்கயோ கால மாத்தி வச்சிருக்கேன். யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், எந்த எடம்னு புடிபடல.”

அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் என்பதே அசிங்கம். பிறகு கஞ்சித் தூக்கைப் பார்த்தபடியே நெல்லைச் சொன்னேன், தண்ணீரைச் சொன்னேன், எத்தனை வருஷமாக என்பதையும் சொன்னேன். நான் வேண்டாம் என்று சொல்லாததற்கு அதிகாரிகள் கேட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம் என்பதையும் சொன்னேன். தூக்கை எடுத்து என் தலையில் கொட்டுவாள் என்று காத்திருந்தேன்.

கொட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் தெளிந்திருந்தது.

“அப்போ என் காலு சரியாத்தான் போச்சா?”

சரியாகத்தான் போனது என்றேன். அவள் சிரித்தாள். வலித்தது போலிருக்கிறது, தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவள் சந்தோஷப்பட்டதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?