இருபது வரி எழுதினால் விசா

விமான நிலையத்துக் கண்ணாடி அறைக்குள் லிஃப்ட் மெக்கானிக்குக்கு வியர்த்துக் கொட்டியது. வெளியே நின்ற மணப்பெண்ணான பல் டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்கு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். உள்ளே இருக்கும் மாப்பிள்ளைக்கோ இன்னும் விசா முத்திரை விழவில்லை.

எல்லாம் அவளே இழுத்து வைத்த வினை. இரண்டு மாதத்துக்கு முன் அவனைப் பார்க்க அவன் நாட்டில் போய் இறங்கியபோது, காதல் உண்மைதானா என்று அங்கே விமான நிலைய அதிகாரிகள் அவளை ஐந்து மணி நேரம் குடைந்தெடுத்தார்கள். கடைசியில் ஒரு தாளை நீட்டி, "அவரைப் பத்தி இருபது வரி எழுதி, அவர் முன்னாடியே சத்தமாப் படிங்க" என்றார்கள். படித்தாள். ஊர் திரும்பியதும் ஆத்திரம் தீர அமைச்சகத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டாள். அமைச்சகம் சும்மா விடுமா? அவர்கள் நம் ஆட்களுக்குச் செய்ததை அவர்கள் ஆட்களுக்கு நாமும் செய்வோம் என்று போன வாரம் விதியே போட்டுவிட்டது.

முதல் ஆளாக வந்து மாட்டிக்கொண்டவன் இவன்!

"ஊர்ல எல்லார் வாயையும் திறக்க வைக்கிறவடி நீ. இந்த ஆளு மூணு வருஷத்துல ஒரு தடவையாவது உன்னைப் பிடிச்சிருக்குன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்காரா?" என்றாள் கூட வந்திருந்த சித்தி.

"சொன்னாத்தானா சித்தி? எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? ஆபீசருக்குத் தெரியணும். இல்லைன்னா ரெண்டு மணி விமானத்துல திருப்பி ஏத்திடுவாங்களாம்!"

அதிகாரி கதவைத் திறந்தார். "மேடம், உள்ள வாங்க. நீங்க எதிர்ல உக்காரணும். உங்க புகார்ல அப்படித்தான் இருக்கு."

விதியில் சித்தியைப் பற்றி ஒன்றும் இல்லாததால் அவளும் கூடவே நுழைந்துவிட்டாள்.

அவன் எழுந்து நின்றான். எழுதி முடித்த தாளைப் பிரித்தான்.

"ஒண்ணு. அவ சிரிச்சா மேல் வரிசைப் பல்லு அத்தனையும் தெரியும். ரெண்டு. அவ பேச ஆரம்பிச்சா எனக்குப் பதில் சொல்ல இடமே இருக்காது. மூணு. அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

அதிகாரி ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

"நாலு. அவ வீட்டு லிஃப்ட் அஞ்சாவது மாடியில குலுங்குதுன்னு ஒரு நாள் போன்ல சொன்னா. அதுலேர்ந்து எனக்குச் சரியாத் தூக்கமே இல்லை."

சித்தி மூக்கை உறிஞ்சினாள். எட்டாவது வரியில் பல் டாக்டரின் காது சிவந்தது. பதினான்காவது வரியில் அவள் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிய.

"இருபது. இதையெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு தெரியாமலே மூணு வருஷம் ஓட்டிட்டேன். ரொம்ப தேங்க்ஸ் சார். இருபத்தொண்ணு..."

"போதும் சார்! உங்க நாட்டு ஆளுங்க இருபதுதான் கேட்டாங்க. நாங்களும் இருபதுதான் கேக்க முடியும்."

"அவர் பாட்டுக்குப் படிக்கட்டுமே, உங்களுக்கு என்ன போச்சு?" என்று சித்தி அதிகாரி மேல் பாய்ந்தாள்.

அதிகாரி பெருமூச்சு விட்டு, பாஸ்போர்ட்டைப் பிரித்து முத்திரையை ஓங்கிக் குத்தினார். அறையே அதிர்ந்தது. அது மாப்பிள்ளையின் காதில் விழவே இல்லை. அவன் இருபத்தேழாவது வரியில் இருந்தான்.